கையளவுத் திரையிற் பழைய தளங்கள்

பழைய இணையத்தளமொன்றைக் கைத்தொலைபேசியிலே திறந்தால் எழுத்துக்கள் கடுகாய்த் தோன்றுகின்றன; விரலால் விரித்தாலோ வரியிற் பாதி திரைக்கு அப்பாற் போய்விடுகின்றது. கணினியில்லா வீட்டு மாணாக்கர் நல்ல பக்கங்களையும் இதனால் வாசியாது விடுதலை நாம் கண்டு வருந்தியதுண்டு.

இதற்குக் காரணம் யாது? அத்தளங்கள் மேசைக் கணினிக்கென மாறா அகலத்தில் அமைந்தவை. 2007இல் வெளிவந்த ஐபோன் அவற்றை 980 பிக்சல் அகலமுடையனவாகக் கொண்டு, முழுவதையுஞ் சுருக்கிக் காட்டிற்று. 2010இல் ஈதன் மார்க்கொட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் வேறு வழி வகுத்தார்: அகலத்தை விழுக்காட்டாற் குறித்தல், படங்களை இடத்திற்கேற்பச் சுருங்கவிடல், திரையின் அளவறிந்து அமைப்பை மாற்றல் என்பன அவை.

ஆதலாற் பழைய தளத்தை இடித்துக் கட்ட வேண்டுவதில்லை. திரையின் அகலத்தையே பக்கத்தின் அகலமாகக் கொள்ளுமாறு ஒருவரிக் கட்டளையை முதலிற் சேர்த்தல் வேண்டும். பின்னர் அருகருகே நிற்கும் பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்குதல் வேண்டும். உள்ளடக்கத்தில் ஓரெழுத்தும் மாறுவதில்லை.

ஏட்டிலிருந்ததை அச்சேற்றிய நம் முன்னோர் நூலை மாற்றினாரல்லர். வாசிப்போரிடம் அதனைக் கொண்டு சேர்த்தனர். தளங்களைப் பேணுவோர்க்கும் அதுவே கடன்.