உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும்

சின்ன வெங்காயத்தை நறுக்கி, உப்பைத் தூவிக் கொஞ்ச நேரம் வையுங்கள். தட்டில் நீர் கோத்துவிடும். தமிழ்நாட்டிலேயே சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டத்தில், குரும்பலூர்ச் சமையலறைகளில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வயிற்றுப்போக்கில் ஒரு குழந்தை பிழைப்பதும் துவள்வதும் இதே விதியைப் பொறுத்தது.

சவ்வின் இரு பக்கம்

வெங்காயத்தின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது தண்ணீரை விடும். உப்பை எளிதில் விடாது. வெளியே உப்பு கூடியதும் உள்ளிருக்கும் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்குகிறது. இதுதான் சவ்வூடுபரவல். வெங்காயம் சேமிக்கும் பட்டறையைத் திறந்தால் நெடி தெருவரை வருகிறதே, அதில் காற்றின் வீச்சோடு பரவலும் இருக்கிறது: நெருக்கமாக இருக்கும் துகள்கள் நெருக்கம் குறைந்த இடத்துக்குத் தாமாகவே நகர்கின்றன. நுரையீரலிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவதும் அப்படித்தான்.

குடலில் ஒரு ஜோடிக் கதவு

வயிற்றுப்போக்கின்போது வெறும் தண்ணீர் குடித்தால் போதாது. இழந்த உப்பு திரும்பாமல் தண்ணீர் உடலில் நிற்காது. குடல் செல்களில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும் கதவு. ராபர்ட் கிரேன் 1960இல் இதை விளக்கினார். இரண்டும் உள்ளே போனதும் தண்ணீர் பின்னாலேயே போகிறது. காலராவிலும்கூட இந்தக் கதவு பழுதாவதில்லை.

1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடியம் பைகார்பனேட் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பத்ம விபூஷண் விருது அவர் மறைந்த பிறகு, 2023இல்தான் வந்தது. தாமதம்தான்.

அளவில்தான் மருந்து

அந்தக் கலவையின் இன்றைய வடிவம்தான் ஓ.ஆர்.எஸ். எனப்படும் வாய்வழி நீரேற்றக் கரைசல். அதன் பொட்டலத்தில் 20.5 கிராம் தூள். அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர். பழைய ஓ.ஆர்.எஸ்ஸில் கரைந்த துகள்களின் செறிவு லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோலாக இருந்தது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதை 245 ஆகக் குறைத்தது. நம் ரத்தத்தின் செறிவு ஏறக்குறைய 290. ரத்தத்தைவிட நீர்த்திருப்பதால் கலவையிலிருந்து தண்ணீர் ரத்தத்தின் பக்கம் போகிறது. "கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும்" என்று அரை லிட்டரில் கரைத்தால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கிடைப்பதால் உறையைப் படித்துவிட்டே கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

சோடாவும் பெட்டிப் பழச்சாறும் இதற்கு மாற்றல்ல. அவற்றில் பலவற்றின் செறிவு ரத்தத்தைப் போல இரு மடங்கு. அந்தச் சர்க்கரை உடலிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும்.

அரிசிக் கஞ்சி வேறு ரகம். மாவுச்சத்து மெல்ல மெல்லத்தான் குளுக்கோஸாக உடைகிறது. அதனால் குடலுக்குள் நீரை இழுப்பதில்லை. எளிதில் செரிக்காத மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்ஸுடன் சேர்த்தால் காலரா நோயாளிகளுக்குப் போக்கு குறைகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2000இல் காட்டினார்கள். உப்புப் போட்ட நீராகாரத்தோடு காட்டு வேலைக்குப் போன பாட்டிகள் விவரமானவர்கள்தான். வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து செல்கள் வீங்கும். தலைவலியும் குமட்டலும் வரும்; முற்றினால் வலிப்பும் வரலாம்.

எப்போது ஓட வேண்டும்

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் 50 முதல் 100 மில்லி ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். கண் குழிவிழுவது, கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்புவது, சிறுநீர் வராமல் இருப்பது, மலத்தில் ரத்தம் வருவது, குழந்தை குடிக்க முடியாமல் சோர்ந்து கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வண்டி வரும்வரை, குழந்தைக்கு நினைவிருந்து விழுங்க முடிந்தால், கரண்டியை நிறுத்தாதீர்கள்.