சொல்லும் சட்டமும்

ஆலைப்புகை ஊரைக் கெடுக்குமாயின் அதனைத் தடுக்க அரசாங்கத்துக்கு வழிகள் இரண்டு. சட்டம் இயற்றித் தண்டித்தல் ஒன்று. ஆலையாளரை அழைத்துப் பேசி, இன்ன காலத்துள் இன்ன அளவு குறைப்போமென அவரே ஒப்புக்கொள்ளச் செய்தல் மற்றொன்று. பின்னையதனைத் தன்விருப்பு உடன்படிக்கை என்பர். அது பயன் தருமா என்பதை இரு வரலாறுகளால் ஆராய்வோம்.

1964ஆம் ஆண்டிலே, யப்பானின் யோக்கொகாமா நகரைச் சார்ந்த இசோகோ கடற்கரையில் நிலக்கரியால் இயங்கும் மின்னிலையம் ஒன்று எழவிருந்தது. அதன் புகையைக் கட்டுப்படுத்த நகராட்சிக்கு அந்நாளில் போதிய சட்ட அதிகாரம் இல்லை. ஆயினும், கடலைத் தூர்த்து உண்டாக்கிய அந்நிலம் கைமாறுவதற்கு நகரின் சம்மதம் வேண்டியிருந்தது. நகரபிதா அசுகதா இச்சியோ அவ்வாய்ப்பை நழுவவிடவில்லை. தூசிக்கும் கந்தகப் புகைக்கும் எல்லை வகுத்து மின் கம்பனியுடன் உடன்படிக்கை செய்தார். பின்னர் யப்பானின் பிற நகரங்களும் இவ்வழியே சென்றன.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். 1998இல் அங்குள்ள மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கம், புதிய கார்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவை 2008ஆம் ஆண்டளவில் கிலோமீற்றருக்குச் சராசரி 140 கிராமாகக் குறைப்பதாக ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு வாக்களித்தது. தவறினால் சட்டம் வரும் என்ற எச்சரிக்கை இருந்தது. ஆனால், எந்தக் கம்பனி எவ்வளவு குறைத்தல் வேண்டும் என்னும் பங்கீடு இல்லை; தண்டமும் இல்லை. பலர் சேர்ந்து சுமக்கும் பாரத்தில் ஒருவன் தோளைத் தாழ்த்தினாலும் பிறர் அறியார் அன்றோ? 2008இல் சராசரி ஏறத்தாழ 154 கிராமாகவே நின்றது. 2009இல் சட்டம் வந்தது. 2015ஆம் ஆண்டுக்கு 130 கிராம் எல்லை. மீறும் கம்பனிக்குத் தண்டப்பணம். அவ்வாண்டில் சராசரி 120 கிராமுக்குச் சற்றுக் கீழிறங்கியது. இவை பரிசோதனைச்சாலை அளவுகளே. தெருவில் வெளிப்பட்டது இதனினும் மிகுதி என்பதையும் மறத்தலாகாது.

இவற்றால் நாம் அறிவது யாது? தன்விருப்பு உடன்படிக்கை வீண் அன்று. சட்டம் எட்டாத இடத்தில் அது கை கொடுக்கும். ஆயின் அவரவர் பங்கு வரையறுக்கப்படுதல் வேண்டும்; அளப்பவர் அயலாராய் இருத்தல் வேண்டும்; வாக்குத் தவறின் இழப்பு நேர்தல் வேண்டும். யோக்கொகாமாவில் நகரின் கையில் நிலம் இருந்தது. ஐரோப்பாவில் ஆணைக்குழுவின் கையில் எச்சரிக்கை மட்டுமே இருந்தது.

எம் மாணவருட் சிலர் நாளை அரசாங்க அதிகாரிகளாவர். சிலர் ஆலை நடத்துவர். மேசையின் எப்பக்கத்தில் இருப்பினும், கையொப்பமிடுமுன் ஒன்றை வினவுவாராக: இச்சொல் பொய்த்தால் நட்டம் யாருக்கு? விடை ஊராருக்கு மட்டும் என்றாயின், அது உடன்படிக்கை அன்று, வெறும் தாளே.