தக்கைத் திருகியும் தலைகீழ் வண்டியும்

திராட்சை மதுப் புட்டியின் தக்கையைப் பிடுங்கும் திருகியை நாம் அற்பப் பொருளென எண்ணிவிடுகிறோம். துப்பாக்கிக் குழலுள் சிக்கிய குண்டை வெளியே இழுத்த திருகுக் கம்பியே இதன் முன்னோடி என்பர். 1795-இல் சாமுவேல் ஹென்ஷால் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் திருகிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பொருத்திய சிறு வட்டத் தகடு, கம்பி முற்றும் இறங்கியதும் தக்கையில் அழுந்தி, அதனையும் உடன் சுழற்றிக் கண்ணாடியின் பிடியிலிருந்து விடுவித்தது.

அதே வடிவம் 1975-இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பார்ம் பூங்காவில் எஃகுக் குழாய்ப் பாதையாக எழுந்தது. 'கார்க்ஸ்குரூ' என்னும் அவ்வண்டி மாந்தரை இருமுறை தலைகீழாகச் சுழற்றியது. சக்கரங்கள் குழாயை மேலும் கீழும் பக்கத்திலும் கவ்வியமையால் வண்டி நழுவவில்லை.

திருகு ஒன்றே, அங்கே சிறைப்பட்டதை விடுவித்தது, இங்கே உயிரை விடாது பற்றியது. வடிவத்தின் பெருமை அதனைப் பயன்கொள்ளும் மதியிலன்றோ இருக்கிறது!