சிக்கிய திறப்பு

சமயமும் இலக்கியமும் வரலாறும் நிறைந்த இம்மலரில், அன்றாட வாழ்விற் பயன்படும் ஒரு சிறு பொறியைப் பற்றியும் எழுதத் துணிந்தோம். பொத்தானை அழுத்தி இயக்கும் கார்கள் பெருகிவரும் இந்நாளிலும், திறப்பை இட்டுத் திருப்பும் கார்கள் எமது வீதிகளிற் பல ஓடுகின்றன. அவற்றை நிறுத்தியபின், திறப்பு பூட்டினின்றும் வெளிவர மறுத்தலைச் சாரதிகள் பலர் கண்டிருப்பர். அவ்வேளை மனிதர் செய்யும் முதற்காரியம் முழு வலிமையோடும் இழுத்தலேயாம். திறப்பு முறிந்து, பாதி உள்ளே தங்குவதும் அதனாலேயே. பூட்டு திறப்பை ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதை அறிந்தோமாயின், அதனை இழுக்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

பூட்டின் உறையினுள்ளே சுழலக்கூடிய உருளை ஒன்று உண்டு. அவ்வுருளையில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு சுருளிவில் தள்ளிக்கொண்டிருக்கும். திறப்பு இல்லாதபோது தகடுகளின் முனைகள் வெளியே நீண்டு, உறையிலுள்ள பள்ளத்திற் பதிந்து, உருளையைச் சுழலவிடாது தடுக்கும். உரிய திறப்பு நுழைந்ததும் அதன் வெட்டுக்கள் எல்லாத் தகடுகளையும் உருளையின் மட்டத்துக்குக் கொண்டுவரும், உருளை சுழலும். சுழன்றபின்போ, தகடுகளுக்கு எதிரே பள்ளம் இல்லை. உறையின் சுவரே உண்டு. திறப்பு வெளிவர வேண்டுமாயின், அதன் மேடுபள்ளங்களுக்கேற்பத் தகடுகள் ஏறியிறங்குதல் வேண்டும். அதற்கு அங்கே இடமில்லை. ஆதலின் உருளை 'லொக்' என்னும் நிலைக்கு முற்றாகத் திரும்பினாலன்றித் திறப்பு வெளிவராது.

முற்காலத்துக் கார்களில் இப்பூட்டு வேறெதனோடும் தொடர்புற்றிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு வெளிவந்த மொறிஸ் மைனரைப் பழைய மாணவர் பலர் நினைவிற் கொள்வர். அதன் தொடக்ககால வண்டிகளில் திறப்பு மின்னோட்டத்தை மாத்திரமே திறந்துவிடும். எஞ்சினைக் கிளப்புதற்கு வேறொரு குமிழை இழுத்தல் வேண்டும். பின்னர் களவைத் தடுக்கும் பொருட்டுச் சுக்கானைப் பூட்டும் முறை பரவியது. பிள்ளைகள் காருக்குள் விளையாடுகையிற் கியரை நகர்த்திவிட, கார் தானே உருண்டு விபத்துக்கள் நேர்ந்தமையால், தானியங்கிக் கியர் 'பார்க்' நிலையில் இருந்தாலன்றித் திறப்பு வெளிவராதபடி அமைக்கும் விதி ஐக்கிய அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எனவே, திறப்பைத் தர மறுக்கும் பூட்டு பல வேளைகளிற் பழுதுற்ற பூட்டன்று. தன் கடமையைச் செய்யும் பூட்டேயாகும்.

இனிச் செய்யவேண்டியவற்றை முறையே கூறுவோம். முதலிற் கைப்பிறேக்கை இடுக. தானியங்கிக் கியர் உள்ள காராயின், கால்பிறேக்கை அழுத்திக்கொண்டு கியர்த்தண்டை ஒருமுறை வேறு நிலைக்கு நகர்த்தி, மீண்டும் 'பார்க்' நிலையில் உறுதியாக வைக்குக. பார்வைக்கு 'பார்க்' எனத் தோன்றினும் தண்டு சற்றே பிந்தி நிற்றல் உண்டு. கையாற் கியர் மாற்றும் கார்கள் சிலவற்றில், திறப்பைச் சற்று உள்ளே அழுத்தியோ, அருகிலுள்ள சிறு பொத்தானை அமுக்கியோதான் 'லொக்' நிலைக்குத் திருப்பலாம். அடுத்து, சுக்கானை இருபுறமும் மெல்ல அசைத்தவாறே திறப்பைத் திருப்புக. சில்லுகள் திரும்பி நிற்கும்போது, சுக்கானைப் பூட்டும் ஆணி நெருக்குண்டு பூட்டை இறுக்கக்கூடும்.

இவற்றாலும் பயனில்லையாயின் பற்றறியை நோக்குக. சில கார்களில் திறப்பை விடுவிக்கும் தடை மின்சாரத்தால் இயங்குவது. பற்றறி வலுவிழந்தால் அத்தடை நீங்காது. வேறொரு பற்றறியிலிருந்து மின்னூட்டினால் திறப்பு எளிதாக வெளிவரும்.

எஞ்சிய காரணங்கள் அழுக்கும் தேய்வுமாம். தூசி சேர்ந்த தகடுகள் தத்தம் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு எண்ணெய் இடுதல் எம்மவர் வழக்கம். அது தகாது. எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். தேங்காயெண்ணெயோ ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைவது. நுவரெலியாவுக்குச் செல்லும் காரின் பூட்டில் அதனை இட்டால் விளைவு யாதாகும்? பூட்டுக்கு உகந்தது உலர்ந்த பென்சிற்கரித் தூளாகும். எமது நாட்டிலே போகலையிலும் கஹட்டகஹவிலும் அகழ்ந்தெடுக்கப்படும் பொருள் அதுவே. சிறிதளவு தூளைத் துவாரத்தில் ஊதி, திறப்பைச் சிலமுறை மெல்ல அசைத்தல் போதும். தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டிய புதுத் திறப்பு அத்தேய்வையும் கொண்டிருக்கும். ஆதலின் தேயாத மாற்றுத் திறப்பையோ, காருக்குரிய குறியீட்டெண்ணையோ கொண்டு வெட்டுவித்தல் நன்று.

திறப்பு முறிந்துவிட்டதாயின், முறிந்த முனை வெளியே தெரிந்தால் கூர்மூக்குக் குறட்டாற் பற்றி நேராக எடுக்கலாம். தெரியாதாயின் வேறொரு திறப்பைச் செருகுதலும் பசை இட்டு ஒட்ட முயலுதலும் கேட்டையே மிகுவிக்கும். பூட்டு வேலை தெரிந்தவரை அழைப்பதே அறிவுடைமை.

திறப்போடு கனத்த கொத்தைத் தொங்கவிடுதலும் தீது. அதன் பாரம் உருளையையும் தகடுகளையும் நாளடைவில் தேய்க்கும். 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 26 இலட்சம் கார்களைப் பூட்டுக் குறைபாடு காரணமாகத் திருப்பி அழைத்தது. அவற்றின் திறப்பு ஓட்டத்தின்போதே தன்னிலை தவறித் திரும்ப, எஞ்சின் நின்று, காற்றுப்பைகளும் விரியாதொழிந்தன. 124 பேர் அதனால் இறந்தமை பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பழுது பார்க்கப்படும்வரை திறப்பைத் தனியாகவே இடுமாறு உரிமையாளர் அறிவுறுத்தப்பட்டனர்.

கார் உருளும்போது எக்காரணத்தாலும் திறப்பைப் பின்னே திருப்பலாகாது. சுக்கான் பூட்டப்பட்டால் வண்டி எவர் வசமும் நில்லாது. அங்ஙனமே, வெளிவராத திறப்பைக் காரில் விட்டு, பிள்ளைகளை உள்ளே இருத்திவிட்டு அகலுதலும் ஆகாது. இவ்விரண்டையும் இவ்வாண்டு சாரதிப் பத்திரம் பெறவிருக்கும் எமது மாணவர் சிறப்பாக மனத்திருத்துவாராக.