சனி, ஞாயிறு: ஊரோடு மீண்டும் பழகும் நாட்கள்

வீடு திரும்பிய முதல் மாதங்களில் வார நாட்கள் ஓய்வில்லாமல் கழிந்துவிடும். பிரதேச செயலகம், பாடசாலை அனுமதி, தண்ணீர், மின்சாரம், வீட்டுத் திருத்தம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வேலை இருக்கும். சனியும் ஞாயிறும் வரும்போது எங்கே போவது, யாரிடம் போவது என்று தெரியாமல் பல குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. வெளியூரிலோ முகாமிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உம்மாவின், வாப்பாவின் ஊர் வாயால் கேட்ட ஊர் மட்டும்தான்.

விடுமுறை நாளில் வெளியே போவது வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். பக்கத்துத் தெருவில் யார் இருக்கிறார்கள், எங்கே வேலை இருக்கிறது, எந்தப் பாடசாலையில் இடமுண்டு என்பன போன்ற செய்திகள் அலுவலகங்களில் கிடைப்பதைவிட இத்தகைய இடங்களில்தான் எளிதாகக் கிடைக்கும். கல்முனையிலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் அதிகச் செலவின்றிக் குடும்பமாகச் செல்லக்கூடிய இடங்களையும், கவனிக்க வேண்டிய விடயங்களையும் கீழே தந்திருக்கிறோம்.

ஊர் மாறியிருக்கிறது

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்கள் வடக்கிலிருந்து தெற்காகப் பிரதான வீதியில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வருகின்றன. தெற்கே அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமும் வடக்கே மட்டக்களப்புப் பக்கமும் போகும் பஸ்கள் எல்லாம் இந்த வீதியால்தான் ஓடுகின்றன. புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிவடைவதால் இப்பகுதியில் பயணத்துக்குப் பஸ்ஸும் முச்சக்கர வண்டியும்தான்.

2004 சுனாமிக்குப் பின்னர், கடலிலிருந்து 65 மீற்றர் எல்லைக்குள் வாழ்ந்த பல குடும்பங்கள் உட்புறமாகக் கட்டப்பட்ட வீட்டுத்திட்டங்களுக்குக் குடிபெயர்ந்தன. மருதமுனையில் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே ஒரு குடியிருப்புக்குப் பெயர் வழங்குகிறது. ஆகவே பழைய வளவில் அயலவரைக் காணவில்லை என்றால் அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ கிராம உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள். உங்கள் முதல் சனிக்கிழமையை அவர்களைத் தேடிப் போவதற்கு ஒதுக்கலாம்.

கடற்கரை

அஸர் தொழுகைக்குப் பின்னர் குடும்பங்கள் கடற்கரைக்கு வந்து, மஃரிபுக்கு முன் வீடு திரும்புவது இந்த ஊர்களின் நெடுநாள் வழக்கம். கட்டணம் இல்லை. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம். இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுக்க, வலை மெல்ல மெல்லக் கரைக்கு வரும். இழுப்பவர்களின் வழியில் நிற்காமல், கயிற்றைத் தாண்டாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

கடலைப் பற்றி ஒன்றை நாம் மறைக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்று போயா விடுமுறையும்கூட. அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதனால் ஞாயிறு காலையில் கடற்கரைக்குப் போக இன்னும் மனம் வராதவர்கள் ஊரில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் கட்டாயப்படுத்தி அழைத்துச் செல்ல வேண்டாம். முதலில் கடல் தெரியும் தூரம் வரை மட்டும் போய் வாருங்கள். கடல் அடங்கிய ஒரு மாலையில், அவர் நம்பும் ஒருவரோடு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்புங்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு போன்றவை நீடித்தால் வைத்தியசாலையில் மனநலப் பிரிவு பற்றிக் கேளுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல.

பிள்ளைகளுக்கு அச்சத்தைக் கொடுக்காமல் அறிவைக் கொடுங்கள். அவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை:

நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவித்தலுக்காகக் காத்திராமல் உடனே மேற்குப் பக்கமாக ஓட வேண்டும். 2004 இல் சுமாத்திராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எமது கரையை வந்தடைந்தது. அந்த நேரம் எச்சரிக்கை கிடைத்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும்.

முதல் அலையோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்துப் பொருள் எடுக்கத் திரும்பி வரக் கூடாது. பின்னால் வரும் அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

நவம்பர் முதல் ஜனவரி முடியும் வரை வடகீழ்ப் பருவக்காற்றினால் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் யாரும் கடலில் இறங்கக் கூடாது. மற்றைய மாதங்களிலும் ஆறும் களப்பும் கடலில் சேரும் முகத்துவாரங்களில் குளிக்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கு அடியில் இழுவை பலமாக இருக்கும்.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்ட பின்னர் கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஒலுவில், நிந்தவூர் பக்கம் போகிறவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே கடலரிப்பினால் கரை உள்ளே வந்திருக்கிறது. நீங்கள் சிறுவயதில் விளையாடிய மணல்திட்டும் தென்னந்தோப்பும் இன்று அதே இடத்தில் இல்லாமல் இருக்கலாம். அரித்த கரையின் விளிம்பில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

ஆண்டு விழாக்கள்

கல்முனைக்குடியில் கடலோரமாக இருக்கும் கடற்கரைப் பள்ளி, நாகூர் ஷாகுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவாக அமைந்தது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக இங்கு கொடியேற்ற விழா நடந்து வருகிறது. ஜமாதுல் ஆகிர் மாதத்துப் பிறையை ஒட்டிக் கொடி ஏறும். பன்னிரண்டு நாட்கள் மௌலித், பயான் நடந்து, இறுதி நாளில் கந்தூரி வழங்கப்பட்டுக் கொடி இறக்கப்படும். வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருவார்கள். பள்ளியைச் சுற்றி மிட்டாய்க் கடைகளும் விளையாட்டுச் சாமான் கடைகளும் போடப்படும். பிறைக் கணக்கு சூரிய ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாட்கள் குறைந்தது என்பதால் விழா ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு முன்னால் நகர்ந்து வரும். சென்ற ஆண்டுத் திகதியை நம்பாமல் பள்ளிவாசலில் கேட்டறியுங்கள். கொடியேற்றம் பற்றி முஸ்லிம்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. போவதும் போகாததும் உங்கள் குடும்பத்தின் விருப்பம்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் புரட்டாதி மாதத்தை ஒட்டிப் பதினெட்டு நாள் உற்சவம் நடைபெறும். பாரதப் போர் நடந்த பதினெட்டு நாட்களை நினைவுகூர்ந்து, பாண்டவரின் வனவாசம் முதலான காட்சிகள் நடித்துக் காட்டப்படும். தீமிதிப்போடு விழா நிறைவடையும்.

காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிப் பூரணையை ஒட்டிக் குளிர்த்தி நடைபெறும். மதுரையை எரித்த கண்ணகியின் கோபத்தைத் தணித்து, மழையும் நலமும் வேண்டும் சடங்கு இது. ஆடி அமாவாசையில் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் கடல் தீர்த்தத்துக்குப் பெருந்திரளாக மக்கள் செல்வார்கள். அன்று பஸ்களில் நெரிசல் இருக்கும். பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வையுங்கள்.

மற்றவரின் விழாவைப் பார்க்கப் போகலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். நீண்ட கால வன்செயல்களின் பின்னர் அந்தத் தயக்கம் இயல்பானது. அந்த ஊரில் தெரிந்த குடும்பம் ஒன்றோடு போவது நல்லது. வழிபாட்டு இடத்தின் ஒழுங்கை மதித்து, அனுமதி கேட்டே படம் எடுங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் நாளை ஒரே சந்தையிலும் ஒரே வைத்தியசாலையிலும் ஒரே பஸ்ஸிலும் சந்திக்கப் போகிறவர்கள்.

நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் வரும்போது பல ஊர்களில் கடற்கரைத் திடலில் பெருநாள் தொழுகை நடைபெறும். நீண்ட காலம் காணாத உறவினரை ஒரே காலையில் சந்திக்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

விளையாட்டு, வாசிப்பு, தறி

மாலை வேளைகளில் கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும் ஏனைய ஊர் மைதானங்களிலும் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் நடக்கும். சுற்றுப்போட்டி என்றால் வீதியோரத்தில் பதாகை கட்டியிருப்பார்கள். இளைஞர்கள் புதிய ஊரில் நண்பர்களைப் பெறக் குறுகிய வழி ஒரு விளையாட்டுக் கழகத்தில் சேர்வதுதான். பேச்சு வழக்கு வேறாக இருக்கிறது என்று கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கும் மைதானத்தில் இடம் கிடைத்துவிடும்.

பொது நூலகங்களில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கலாம், வேலைவாய்ப்பு அறிவித்தல்களைப் பார்க்கலாம். திறக்கும் நாளும் நேரமும் வாயிலில் எழுதப்பட்டிருக்கும். காரைதீவு, சுவாமி விபுலானந்தர் 1892 இல் பிறந்த ஊர். பழந்தமிழரின் யாழைப் பற்றி ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதிய அவர் 1947 இல் மறைந்தார். அவர் பிறந்த ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மருதமுனை கைத்தறிக்குப் பெயர் போனது. சாரமும் சாறியும் படுக்கை விரிப்பும் நெய்யும் வீடுகள் அங்கு இருக்கின்றன. நெசவாளரிடம் அனுமதி கேட்டால் தறியைப் பார்க்கலாம். தறி வேலை தெரிந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அந்த அறிமுகம் தொழிலுக்கும் உதவலாம்.

சனி, ஞாயிறுகளில் குர்ஆன் மத்ரஸா, அறநெறிப் பாடசாலை, டியூசன் வகுப்புகளும் நடக்கும். பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்கு வகுப்பு தேவைதான். ஆனால் இரண்டு நாளையும் முழுவதுமாக வகுப்பால் நிரப்ப வேண்டாம். ஒரு மாலையாவது விளையாட விடுங்கள்.

சற்றுத் தூரமாகப் போவதானால்

பொத்துவிலைத் தாண்டி இருக்கும் அறுகம்பேயில் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை உலகின் பல நாடுகளிலிருந்தும் அலைச்சறுக்கு விளையாட வருகிறார்கள். கரையில் இருந்து அதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்குப் புதிய காட்சி. உட்புறமாகப் போனால் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் இருக்கிறது. 1949 இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட அந்தக் குளத்து நீர்தான் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களுக்கும் பாய்கிறது. தட்டில் இருக்கும் சோறு எங்கிருந்து தண்ணீர் குடித்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல வாய்ப்பு. காட்டோர வீதிகளில் யானைகள் நடமாடும். பொழுதுபட முன்னர் திரும்பிவிடுங்கள்.

புறப்படும் முன்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் ஊர்களில் கடைகள் மூடியிருக்கும். பௌர்ணமி தோறும் வரும் போயா நாள் பொது விடுமுறை. அன்று இறைச்சிக் கடைகளும் திறப்பதில்லை.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே சாரதியிடம் அல்லது நடத்துநரிடம் கேட்டு வையுங்கள்.

தேசிய அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். இன்னும் கிடைக்காதவர்கள் தம்மிடமுள்ள ஆவணத்தின் பிரதியை வைத்திருங்கள். மூலப் பத்திரங்களை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள்.

அவசரத்துக்கு: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இந்த மூன்று இலக்கங்களையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 ஆம் திகதி காலை 9.25 மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம் அனுட்டிக்கப்படுகிறது. அன்று பள்ளிவாசல்களில் கத்தமுல் குர்ஆனும் துஆவும் நடைபெறும். யாரையேனும் இழந்த குடும்பங்கள் அன்று தனித்து வீட்டில் இருக்க வேண்டாம். அயலவரோடு போய் இருங்கள். உங்கள் தெருவில் புதிதாகத் திரும்பி வந்த குடும்பம் ஒன்று இருந்தால், அடுத்த சனிக்கிழமை அவர்களையும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.