பனிக்கட்டிக்குள் ஒரு சீட்டுக்கட்டு

கிரீன்லாந்தின் வடகிழக்கில் ஓர் ஆறு ஓடுகிறது. அதில் தண்ணீர் இல்லை, முழுவதும் பனிக்கட்டி. ஏறக்குறைய 600 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பனி ஓடையின் மேல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பல நாட்டு விஞ்ஞானிகள் முகாமிட்டுத் துளையிட்டார்கள். திட்டத்தின் பெயர் 'ஈஸ்ட்கிரிப்'. 2023 ஜூலையில் துளைக்கருவி சுமார் 2,670 மீட்டர் ஆழத்தில் அடித்தரையைத் தொட்டது. துளையிட்ட காலம் முழுவதும் முகாமும் நகர்ந்துகொண்டே இருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். உங்கள் பென்சில் பெட்டியில் இருக்கும் சிறிய அடிக்கோலின் நீளம்.

திடப்பொருள் எப்படி ஓடும்? பனிக்கட்டியைச் சட்டென்று வளைத்தால் உடைந்துவிடும். ஆனால், நீண்ட காலம் மெதுவாக அழுத்தினால் வளைந்து கொடுக்கும். காரணம் அதன் படிகங்களில் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் அறுகோண வடிவில் கைகோத்துத் தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தாள் இன்னொன்றின் மேல் வழுக்குவது எளிது. வேறு திசையில் உருமாற்றுவது பல பத்து மடங்கு கடினம். 1891இலேயே மக்கானல் என்ற ஆய்வாளர், ஒரே படிகத்திலிருந்து வெட்டிய பனிக்கட்டித் துண்டுகள் மெல்லிய காகிதங்களின் அடுக்கைப் போல வளைகின்றன என்று எழுதினார்.

வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தால் எடுத்து மேசைமேல் படுக்க வையுங்கள். மேலிருந்து அழுத்துங்கள்: அசையாது. மேல் சீட்டைப் பக்கவாட்டில் தள்ளுங்கள்: கட்டு சரியும். ஒரே கட்டு ஒரு விசைக்குக் கடினம், இன்னொரு விசைக்கு மென்மை. கட்டுரையில் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

பனி விழும்போது படிகங்கள் ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் இருப்பதுபோல் கண்டபடி கிடக்கும். ஆண்டுதோறும் மேலே பனி சேரச் சேர, அழுத்தத்தில் படிகங்கள் மெல்லத் திரும்பும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அவற்றின் தாள்கள் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அமைந்துவிடும். அப்போது அந்த அடுக்கு பக்கவாட்டு விசைக்கு மிக எளிதாகச் சரியும்.

இது வெறும் ஊகம் அன்று. தெற்கு கிரீன்லாந்தின் 'டை 3' என்ற இடத்தில் 1981இல் 2,037 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். பின்னர் அந்தத் துளை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்தபோது, அடியிலுள்ள பனியுகக் காலத்துப் பனி, மேலே உள்ள பனியைவிடச் சுமார் 3 மடங்கு எளிதாக உருமாறுவது தெரிந்தது. அந்தப் பனியில் தூசி அதிகம், படிகங்கள் சிறியவை. அவை பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பியும் இருந்தன.

இருந்தும் பல கணினி மாதிரிகள், பனி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி என்றே கணக்கிடுகின்றன. வேகம் ஒத்துவராவிட்டால் ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்வார்கள். என் மாணவர்கள் தேர்வுத்தாளில் இப்படிச் செய்தால் நான் மதிப்பெண் தரமாட்டேன்!

அந்த ஒற்றை எண் ஏன் போதாது என்பதற்கு ஈஸ்ட்கிரிப் நல்ல சான்று. ஓடையில் பனி வேகமெடுக்கும்போது ஓட்டத்தின் திசையில் இழுபடுகிறது. படிகத் தாள்கள் அந்தத் திசைக்கு இணையாகத் திரும்பிவிடுகின்றன. சீட்டுக்கட்டை அதன் நீளவாக்கில் பிடித்து இழுத்துப் பாருங்கள், நீளாது. எனவே ஓடையின் நடுப்பகுதி இழுவைக்குக் கடினமாகிவிடுகிறது. ஓரங்களில் கதை வேறு. அங்கே வேகமான பனி, மெதுவாக நகரும் பனியை உரசிக்கொண்டு போகிறது. தாள்கள் அலமாரியில் நிற்கும் புத்தகங்களைப்போல் செங்குத்தாக நின்று ஒன்றையொன்று வழுக்குகின்றன. ஆகவே ஓரம் மென்மை. மேசையின் இழுப்பறையைப்போல், இறுகிய நடுப்பகுதி வழுக்கும் ஓரங்களுக்கிடையே நகர்கிறது. துளையிலிருந்து எடுத்த பனியையும் விமானத்திலிருந்து செலுத்திய ரேடார் அலைகளையும் ஒப்பிட்டு, 2023இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது.

கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். ஆனால், கிள்ளான் துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் திட்டமிடும் பொறியாளருக்கு வேண்டியது இந்த நூற்றாண்டுக்கான கணக்கு. அந்தப் பனியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கடலை நோக்கிப் போவது இந்த ஓர் ஓடை வழியாகத்தான்.