நரம்புக் கிரந்தியும் சோதனைக்கூடச் சான்றும்

மேகப்புண் என்றும் கிரந்தி என்றும் தமிழ் மக்களும், சிபிலிஸ் என்று ஆங்கில வைத்தியர்களும் வழங்கும் நோய், முதலில் வலியற்ற ஒரு புண்ணாகத் தோன்றித் தானே ஆறிவிடும். ஆறியது புண்ணேயன்றி நோயன்று. அதன் கிருமி மூளையையும் நரம்புகளையும் பற்றிக்கொள்ளுமாயின் பார்வை மங்குதல், செவி கேளாமை, நடை தள்ளாடுதல், புத்தி பேதலித்தல் முதலிய கேடுகள் சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ தலைகாட்டக்கூடும். பெனிசிலின் கொண்டு கிருமியை ஒழிக்கலாம். அழிந்துபோன நரம்பை மீட்க இயலாது. ஆதலின் காலத்தே கண்டறிதல் இன்றியமையாதது. அதுதான் எளிதாக இல்லை.

1905ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஷாடின், ஹாப்மன் என்னும் இருவர் சுருள் வடிவான இக்கிருமியைக் கண்டனர். 1913இல் நொகுச்சியும் மூரும், இந்நோயால் சித்தம் கலங்கி மாண்டவர்களின் மூளையிலேயே அதனைக் கண்டு, அப்பைத்தியத்தின் மூலத்தை ஐயமற நிறுவினர். ஆயினும் மாண்டவர் மூளையில் காண்பது உயிரோடிருப்பவருக்கு உதவாது. ஆகவே வைத்தியர்கள் கிருமியை விட்டு அதன் அடிச்சுவட்டைத் தேடலாயினர்.

இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள தெளிந்த நீரை எடுக்கும் முறையைக் குவின்கே என்பார் 1891இல் வெளியிட்டிருந்தார். 1906இல் வாசர்மானும் அவர்தம் கூட்டாளிகளும் கிரந்தியைக் காட்டும் இரத்தச் சோதனை ஒன்றை வகுத்தனர். அவ்வாண்டிலேயே அது முள்ளந்தண்டு நீரிலும் கையாளப்பட்டது. இங்கே ஒரு வேடிக்கை. அச்சோதனைக்குக் கிரந்தியுற்ற சிசுவின் ஈரற்சாறே வேண்டும் என முதலில் கருதினர். பின்னர் நோயே இல்லாத மாட்டின் இருதயச் சாறும் அதே வேலையைச் செய்யக் கண்டனர்! சோதனை காட்டியது கிருமியையன்று. கார்டியோலிப்பின் என்னும் கொழுப்புக்கு எதிராக உடல் ஆக்கும் எதிர்ப்பொருளையே. அதனாற்றான் மலேரியா, தொழுநோய் முதலியவற்றிலும் இரத்தம் பொய்ச்சாட்சி கூறுவதுண்டு.

1946இல் அமெரிக்காவில் உருவான வி.டி.ஆர்.எல். சோதனை அதன் வழிவந்ததே. முள்ளந்தண்டு நீரைப் பொறுத்தவரை இன்றளவும் இதற்கே முதலிடம். எடுத்த நீரில் இரத்தம் கலவாதிருந்து, நோய்க்குறியும் உடனிருக்க, இது ‘உண்டு’ என்றால் நம்பலாம். ‘இல்லை’ என்றால் நம்பலாகாது. நரம்புக் கிரந்தி உடைய நூறு பேருள், ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, ஏறத்தாழ 50 முதல் 85 பேர் வரையே இதில் அகப்படுகின்றனர். எப்.டி.ஏ. என்னும் மற்றொரு சோதனை, இக்கிருமிக்கென்றே எழும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அதன் போக்கு நேர்மாறு: ‘இல்லை’ என்னும் சொல்லைப் பெரும்பாலும் ஏற்கலாம், ‘உண்டு’ என்னும் சொல் மட்டும் போதாது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அந்நீருக்குள் கசியக்கூடும். ஊசி பட்டுக் கலந்த சிறிது இரத்தமும் முடிவைக் கெடுத்துவிடும். மலாய் மக்கள் புரு என்றழைத்த தோல்நோய் இளமையில் கண்டவரின் இரத்தமும் கிரந்தியுற்றவரின் இரத்தம் போன்றே விடையளிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஒரு கணக்கு. ஐயத்துக்குரிய 1000 பேருள் 50 பேருக்கே மெய்யாக நோயுண்டு எனக் கொள்க. ஒரு சோதனை நோயாளருள் நூற்றுக்கு 60 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயற்றவருள் நூற்றுக்கு 2 பேரைத் தவறாகக் குறிக்கிறது. விடை யாது? 30 பேர் சரியாகக் குறிக்கப்படுவர். 19 பேர் வீண்பழி சுமப்பர். 20 நோயாளிகள் ‘ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்புவர். நூற்றுக்கு 98 சரி என்று கேட்க இனிமையாயிருக்கும் சோதனையின் நிலை இது.

இவற்றோடு நீரிலுள்ள வெள்ளணுக்களையும் எண்ணுவர். ஒரு கன மில்லிமீட்டரில் 5க்கு மேற்பட்டால் ஐயம் வலுக்கும். எச்.ஐ.வி. தொற்றியவரிடம் அத்தொற்றே வெள்ளணுக்களைப் பெருக்குமாதலின், அவர்களுக்கு 20 என்னும் எல்லையைச் சிலர் கொள்கின்றனர்.

சோதனைகளின் திறமையை எதைக்கொண்டு அளப்பது என்பதே எல்லாவற்றிலும் பெரிய இடர்ப்பாடு. பொன்னுக்கு உரைகல் உண்டு, இந்நோய்க்கு இல்லை. பல ஆய்வுகளில் ‘நோயாளி யார்’ என்பதே வி.டி.ஆர்.எல். முடிவையும் வெள்ளணுக் கணக்கையும் வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்வது போன்றது அது. மேலே கூறிய 50க்கும் 85க்கும் இடையிலுள்ள தூரத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆதலின் தேர்ந்த வைத்தியர் நோய்க்குறி, இரத்தச் சோதனை, முள்ளந்தண்டு நீர் ஆகிய மூன்றையும் சேர்த்தே நிறுத்துப் பார்ப்பர். வி.டி.ஆர்.எல். ‘இல்லை’ என்றபோதும் ஏனையவை ‘உண்டு’ என்று சுட்டினால், பெனிசிலினைச் சிரையின் வழியே 10 முதல் 14 நாள் வரை செலுத்துவர். கிரந்தி கண்ணை மட்டும் தாக்கியிருந்து, இரத்தச் சோதனையும் அதனை உறுதி செய்தால், முள்ளந்தண்டு நீருக்குக் காத்திராமலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் 2021இல் வெளியிட்ட விதி.